சாட்சி சொன்ன கூலிகளும் வாதாடிய கோகலேயும்



1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டம் பிறந்தது. அதுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த சித்தூர், தன் பெயரிலேயே ஒரு மாவட்டத்துக்குத் தலைநகரானது. சித்தூர், பலமனேர், சந்திரகிரி தாலுக்காக்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும், மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுக்காக்கள் கடப்பையிலிருந்தும் பிரிந்து வந்து இதில் சேர்ந்தன. சரியாக மூன்று மாதம் கழித்து, அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது சட்டப்படி நிறுத்தப்பட்டது.

இந்த இரண்டு தேதிகளும் சித்தூர், திருப்பதி மண்ணுக்கு முக்கியமானவை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 51 ஆண்டுகளில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தின் வழியே போனவர்கள். சென்னை மாகாணத்து மாவட்டங்களில் மிக அதிகமான ஆட்களைக் கொடுத்தவற்றுள் முன்வரிசையில் நிற்பது வட ஆர்க்காடு. இன்றைய சித்தூரும் திருப்பதியும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. இங்கிருந்து போனவர்கள் நேட்டால் பேரேடுகளில் சித்தூர்க்காரர்களாகவோ திருப்பதிக்காரர்களாகவோ மாவட்டக் கணக்கில் வரவில்லை. ‘வட ஆர்க்காடு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள்.

அந்தக் கப்பல்களை நிறுத்த வைத்தவர் கோபால கிருஷ்ண கோகலே. 1866 மே 9 அன்று ரத்னகிரி மாவட்டத்துக் கோட்லுக் கிராமத்தில் பிறந்து, பூனாவில் வாழ்ந்து, 49 வயதை எட்டுமுன் 1915 பிப்ரவரி 19 அன்று மறைந்த மராட்டியர். வட ஆர்க்காட்டு ஏழைக் குடியானவனோடு அவருக்கு மொழி உறவும் இல்லை, ஊர் உறவும் இல்லை. ஆனாலும் அந்த ஏழைக்காக இந்தியத் தலைமைச் சட்டமன்றத்தில் வாதாடி வென்ற முதல் மனிதர் அவர்தான். காந்தியின் குரு, மிதவாதத் தலைவர் என்று பாடப்புத்தகங்கள் கோகலேயை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக அவர் செய்த வேலை அந்த இரண்டு வரிக்குள் வருவதில்லை. இந்த மாவட்டங்கள் அவரை நினைக்கவேண்டிய முதல் காரணம் அதுவே.

அவர் என்ன செய்தார் என்று பார்க்கும் முன், அவருக்கு முன்னே பேசியவர்களைப் பார்க்கவேண்டும். வாதி இல்லாமல் வக்கீல் இல்லை.

முதல் கப்பல் ‘ட்ரூரோ’. சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் சேர்ந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். கரும்புத் தோட்டம், ரயில் பாதை, பின்னாளில் நிலக்கரிச் சுரங்கம், தேயிலைத் தோட்டம் என்று எங்கே அனுப்புகிறார்களோ அங்கே வேலை. பத்தாண்டு கழித்து ஊர் திரும்ப இலவசக் கப்பல்.

அந்தப் பத்தாண்டு முடிந்து 1871இல் முதல் கூட்டம் சென்னைக்குத் திரும்பியது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். சாட்டையடி விழுந்ததைச் சொன்னார்கள், சம்பளம் பிடித்துக்கொள்ளப்பட்டதைச் சொன்னார்கள், ஒப்புக்கொண்ட பணம் கைக்கு வரவில்லை என்று சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்களின் வாக்குமூலம் அரசாங்கத்தை அசைத்தது. நேட்டாலில் 1872இல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இந்தியக் குடியேறிகளுக்கென்று ‘பாதுகாவலர்’ என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். இந்தச் சீர்திருத்தங்கள் வரும்வரை ஆள் அனுப்ப இந்திய அரசு சம்மதிக்கவில்லை. 1874இல்தான் கப்பல்கள் மறுபடி புறப்பட்டன. அப்போது கோகலேக்கு எட்டு வயது. காந்திக்கு ஐந்து வயது.

அடுத்து 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. மழை பொய்த்து, ஏரி வறண்டு, தானியம் விலைக்கும் கிடைக்காமல் போன அந்த நாட்களில் கூலிகளைச் சேர்க்கும் டிப்போவில் ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. விரும்பிப் போனார்களா, ஏமாற்றிக் கொண்டுபோனார்களா என்று இன்றும் வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இரண்டும் நடந்தது. ஆனால் பட்டினி கிடப்பவனிடம் ஒப்பந்தத்தை நீட்டி, அவன் பெருவிரல் ரேகை வாங்கி, பிறகு அதைச் ‘சம்மதம்’ என்று சொன்ன கொடுமையைத்தான் கோகலே பின்னாளில் சட்டமன்றத்தில் நார் நாராகக் கிழித்தார்.

இரண்டாவது பெரிய சாட்சி பாலசுந்தரம். 1894ஆம் ஆண்டு டர்பனில் காந்தி வக்கீல் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதமே ஆகியிருந்தது. கிழிந்த துணியோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, ஒரு தமிழ்க் கூலி அழுதுகொண்டே அவர் அலுவலகத்துக்குள் வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலி தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காந்தியின் முன்னும் அப்படியே நிற்கவேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார். காந்தி அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அதைக் கட்டியபோது பாலசுந்தரத்தின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைக் காந்தி தம் சுயசரிதையில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

அடித்தவர் அவருடைய முதலாளி. காந்தியிடம் குமாஸ்தாவாக இருந்தவரும் தமிழரே. அவர் மொழிபெயர்த்துச் சொல்ல, வழக்கு புரிந்தது. டாக்டர் சான்றிதழ் வாங்கி, நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போனார்கள். இங்கேதான் அந்த முறையின் உயிர்நாடி வெளிப்படுகிறது. சாதாரண வேலைக்காரன் முதலாளியை விட்டுப் போனால் முதலாளி சிவில் வழக்குத்தான் போடமுடியும். ஒப்பந்தக் கூலி போனால் அது கிரிமினல் குற்றம், சிறை. பாலசுந்தரம் பல் உடைந்ததற்கு நியாயம் கேட்கப் போவதே ‘வேலையை விட்டு ஓடியது’ என்று ஆகிவிடக்கூடும். விடுதலைக்கு இரண்டே வழி: பாதுகாவலர் ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ வேறு ஆளுக்கு மாற்றவோ வேண்டும், இல்லையென்றால் முதலாளியே மனமிரங்கி விடவேண்டும். காந்தி முதலாளியைத் தண்டிக்கக் கேட்கவில்லை. பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார்.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. கடல் கடந்து சென்னைக்கும் வந்தது.

1896இல் காந்தி இந்தியா வந்தார். அக்டோபர் மாதம் பூனாவில் கோகலேயை முதன்முதலாகச் சந்தித்தார். அதே மாதம் சென்னைக்கு வந்து, 26ஆம் தேதி பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். மண்டபம் நிரம்பி வழிந்தது. சென்னை அப்படிக் கொதித்ததற்குக் காரணம் பாலசுந்தரத்தின் வழக்கு என்று காந்தியே சொல்கிறார். தென்னாப்பிரிக்க இந்தியர் குறைகளைப் பற்றி அவர் எழுதிய ‘பச்சைப் புத்தகம்’ சென்னையில் மட்டும் 10,000 பிரதிகள் மறுபதிப்பு கண்டது.

அந்தக் கூட்டத்தைக் கூட்டியது சென்னை மகாஜன சபை. 1884இல் அந்தச் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர் பனம்பாக்கம் ஆனந்தாசார்லு. 1843இல் அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சி. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குப் போன 72 பேரில் ஒருவர். 1891 நாகபுரி காங்கிரசின் தலைவர். ஆக, கூலியின் கண்ணீர் சென்னையில் அரசியல் குரலாக மாறிய மேடைக்கு, சித்தூர் மண்ணும் ஒரு கால் நட்டிருக்கிறது. இதை இங்கே உள்ள பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி கோகலே வாதாடிய சட்டமன்றத்துக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும்.

1895இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடி ஒப்பந்தத்தில் சேரவேண்டும், இல்லையேல் ஊர் திரும்பவேண்டும். இரண்டும் வேண்டாம், சுதந்திரமாக அங்கேயே வாழ்வேன் என்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் வாங்கியவனுக்கு அது ஆறு மாதச் சம்பளம். பின்னாளில் 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் கூட இந்த வரி நீண்டது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுன். கட்ட முடியாதவர்கள் மறுபடி ஒப்பந்தத்தில் விழுந்தார்கள். சட்டத்தின் நோக்கமே அதுதான்.

1910 பிப்ரவரி 25 அன்று கோகலே, நேட்டாலுக்கு ஆள் சேர்ப்பதைத் தடை செய்யும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்று தலைமைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்த மன்றத்தில் இந்தியரின் தீர்மானம் ஒன்று ஏற்கப்படுவதே அன்று பெரிய செய்தி. விளைவு, முதலில் சொன்ன 1911 ஜூலை 1. அதே நாட்களில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து நாடு கடத்தப்பட்ட தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் சென்னையில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் தாங்கிப் பிடித்தவர் ‘இந்தியன் ரெவ்யூ’ ஆசிரியர் ஜி.ஏ. நடேசன். சென்னையும் பூனாவும் கல்கத்தாவும் ஒரே கோரிக்கையில் சேர்ந்து நின்ற காலம் அது.

நேட்டாலுக்கு மட்டும் தடை வந்தால் போதும் என்று கோகலே ஓய்ந்துவிடவில்லை. பிஜிக்கும் டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. 1903 முதல் சென்னையிலிருந்தும் பிஜிக்கு ஆட்கள் போனார்கள். அங்கும் வட ஆர்க்காடு முன்வரிசைதான். 1912 மார்ச் 4 அன்று, இந்த முறையையே அடியோடு ஒழிக்கவேண்டும் என்று கோகலே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார்.

அந்தப் பேச்சை இன்று படித்தாலும் ஒரு நல்ல வக்கீல் எப்படி வழக்கைக் கட்டுகிறார் என்று கற்றுக்கொள்ளலாம். அதில் ஆவேச வசனங்கள் குறைவு, அடுக்கடுக்கான கேள்விகள் அதிகம். இந்த மனிதன் தான் அறியாத தேசத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். தான் தேர்ந்தெடுக்காத முதலாளியிடம் கட்டப்படுகிறான். என்ன வேலை கொடுத்தாலும் செய்தாகவேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டக்கூடாது. ஐந்தாண்டுக்கு விலக வழியில்லை. சுதந்திரத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலியை விடக் குறைந்த கூலி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தனிப்பட்ட ஒப்பந்தம் ஒன்றை மீறினால் கிரிமினல் சட்டப்படி சிறை. இந்தத் தண்டனையைப் பற்றிக் கையெழுத்து வாங்கும்போது அவனிடம் யாராவது சொன்னார்களா? 100 ஆணுக்கு 40 பெண் என்று கணக்கு வைத்து ஏற்றினால் அங்கே குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும்? பெண்கள் என்ன ஆவார்கள்? தற்கொலைகள் ஏன் இத்தனை? மோசடியில் பிறந்து பலவந்தத்தில் நிற்கும் முறை இது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பாலசுந்தரத்தின் வழக்கும் இந்தப் பேச்சும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. 1894இல் ஒரு தனி மனிதன் உடைந்த பல்லோடு மாஜிஸ்திரேட் முன் நின்று காட்டிய உண்மையை, 18 ஆண்டு கழித்துக் கோகலே வைசிராயின் மன்றத்தில் வாதமாக வைத்தார். இந்திய உறுப்பினர்கள் அனைவரும் அவர் பக்கம் நின்றார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாக 22 வாக்கு, எதிராக 33. தோல்வி. வெல்லும் வரை இந்தத் தீர்மானம் மீண்டும் மீண்டும் வரும் என்று அன்றே அவர் அறிவித்துவிட்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, நீரிழிவு நோயோடு போராடிக்கொண்டே, கேப்டவுனில் போய் இறங்கினார். டர்பனில் 3 பவுன் வரியால் நொந்தவர்களின் முறையீடுகளை நேரில் கேட்டார். நவம்பர் 14 அன்று பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் போத்தாவையும் அமைச்சர் ஸ்மட்ஸையும் சந்தித்துப் பேசினார். வரி போய்விடும் என்ற நம்பிக்கையோடு வெளியே வந்தார். காந்திக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஆண்டு ஸ்மட்ஸ், அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்று கைவிரித்தபோது, கோகலேக்குக் கொடுத்த வாக்கை மீறியது இந்தியாவுக்கே அவமானம் என்று காந்தி வரியையும் தம் சத்தியாக்கிரகப் போராட்டத்தில் சேர்த்தார்.

1913 அக்டோபரில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் தட்டி எழுப்பியவர்களில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்த தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். அவர்களோடு சத்தியாக்கிரகி தம்பி நாயுடு. நவம்பர் 6 அன்று தொடங்கிய நடைப்பயணத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் நடந்தார்கள். பின் கரும்புத் தோட்டங்களும் நின்றன. அந்தத் தோட்டங்களில் வட ஆர்க்காட்டார் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பதை நேட்டால் பேரேடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நோயோடிருந்த கோகலே தந்தி மேல் தந்தியாக நாட்டை எழுப்பினார், பணம் திரட்டினார், ஆங்கிலேயர்களான ஆண்ட்ரூஸையும் பியர்சனையும் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார். நவம்பர் 24 அன்று சென்னையில், மகாஜன சபையின் வரவேற்புக்குப் பதிலளித்த வைசிராய் ஹார்டிங் பிரபு, போராடும் இந்தியர்கள் பக்கம் தம் அனுதாபத்தை வெளிப்படையாகச் சொன்னார். லண்டனும் பிரிட்டோரியாவும் திகைத்துப்போயின. 1914இல் 3 பவுன் வரி ஒழிந்தது.

கோகலே மறைந்த பிறகும் அவர் தீர்மானம் சாகவில்லை. ஆண்ட்ரூஸும் பியர்சனும் 1915இல் பிஜிக்குப் போய் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை நாட்டை உலுக்கியது. பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். 1916 மார்ச் 20 அன்று மதன் மோகன் மாளவியா அதே தீர்மானத்தை எடுத்து வைத்தபோது அரசு ஏற்றது. 1917 மார்ச்சில் ஆள் அனுப்புவது நின்றது. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

போனவர்கள் இந்த மண்ணை விட்டுவிடவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் சொன்னால் போதும். டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்றும் புரட்டாசி பிறந்துவிட்டால் வீடுகளில் அசைவம் நின்றுவிடும். சனிக்கிழமைகளில் விளக்கேற்றி, நாமம் இட்டு, ‘கோவிந்தா’ சொல்லிப் படைக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் பேச்சில் மங்கிப்போன வீடுகளிலும் இந்த விரதம் மங்கவில்லை. திருமலையைப் பார்த்தறியாத ஐந்தாம் தலைமுறைக் குழந்தைக்கும் ஏழுமலையான் குலதெய்வம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த வட்டாரத்திலிருந்தும் பக்கத்துக் கடப்பை, அன்னமய்யா மாவட்டங்களிலிருந்தும் பெண்களும் ஆண்களும் இன்று குவைத்துக்கு வீட்டு வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போகிறார்கள். உழைத்து வீடு கட்டியவர்கள் ஏராளம். ஆனால் தொழிலாளியை முதலாளியோடு கட்டிவைக்கும் வளைகுடாவின் கஃபாலா முறையில், முதலாளியின் சம்மதமில்லாமல் வெளியேறினால் ‘ஓடிப்போனவர்’ என்று புகார் எழுதி வழக்காக்க முடிகிறது. கோகலே 1912இல் சுட்டிய அதே விலங்கு இது. வெளிநாடு போகிறவர்கள், ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் ‘ஈ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கவேண்டும். ஒப்பந்தத்தைத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டச் சொல்லி, நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும். கோகலே பெயரால் விழா எடுக்கும் அமைப்புகள் முதலில் இதற்கு ஓர் உதவி மேசையைப் போடட்டும்.

கோகலேக்கு மரியாதை செய்வது என்றால், அவருக்குச் சாட்சி சொன்னவர்களின் ஊர்களைக் கண்டுபிடிப்பதும் அதில் சேரும். நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தானா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் வரை எழுதியிருக்கிறார்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வரியை அச்செடுத்துக்கொண்டு, திருமலை தரிசனத்துக்கு வரும் தென்னாப்பிரிக்கக் குடும்பங்கள் முன்னோர் ஊரைத் தேடுகின்றன. பலருக்குக் கிடைப்பதில்லை. கப்பல் குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய ஊர்ப்பெயர், 1911இல் பிரிந்த மாவட்டம், 1960இல் தமிழ்நாட்டுக்குப் போன திருத்தணி, ஆந்திராவுக்கு வந்த சத்தியவேடு, 2022இல் தனியான திருப்பதி மாவட்டம் என்று எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன.

இது இங்கே இருந்து செய்யக்கூடிய வேலை. பழைய வட ஆர்க்காட்டுத் தாலுக்கா, தானா, கிராமப் பெயர்களை இன்றைய மண்டலப் பெயர்களோடு பொருத்தி ஒரு பட்டியல் தயாரிக்கவேண்டும். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகமும் தங்கள் வரலாற்று மாணவர்களிடம் இதை ஆய்வாகக் கொடுக்கலாம். தமிழும் தெலுங்கும் தெரிந்த மாணவர்கள் இந்த எல்லையில்தான் இருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள், பெயர் மாறிய குக்கிராமங்களையும் மறைந்துபோன பேட்டைகளையும் எழுதிக் கொடுக்கலாம். ஆண்டுதோறும், ‘ட்ரூரோ’ டர்பன் சேர்ந்த நவம்பர் 16 அன்று சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளிகளில் இந்த வரலாற்றைச் சொல்லவேண்டும். அவையோர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பழைய பெயர்களை எழுதித் தருவதிலிருந்து இந்த வேலையைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.